பரணுக்குப் பின்னால் போன நியூட்ரல்

பின்அறை விளக்கும் ஃபேனும் ஒரே நாளில் நின்றுபோயின. கூடவே புழக்கடை விளக்கும். லோடு மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி விழவில்லை, கருகிய வாடை எதுவும் இல்லை. டெஸ்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வைத்தேன். கரண்ட் வரும் பேஸ் துளையில் எரிந்தது, சரி. அது திரும்பிப் போகும் நியூட்ரல் துளையில் எரியக் கூடாது, அங்கேயும் எரிந்தது! விளக்கு ஸ்விட்சை ஆஃப் செய்ததும் நியூட்ரலில் மட்டும் அணைந்துவிட்டது.

வயரிங் பழகியவர்களுக்கு இது பழைய கதை. பேஸ் வந்து, விளக்கின் வழியாகப் புகுந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் ஒயரில் நிற்கிறது. அதாவது நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. அந்த ‘எங்கோ’தான் சிக்கல். எங்கள் வீடு பாளையங்கோட்டையில் 1998-ல் கட்டியது. முழுக்கக் கன்சீல்டு வயரிங், அதாவது ஒயர் எல்லாம் சுவருக்குள் பதித்த பைப்பில். பைப் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தவர்கள் அப்பாவும், வயரிங் செய்தவரும். இப்போது இருவருமே இல்லை.

வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி பைப்புக்குள் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தார். ஐந்தடி போய் நின்றுவிட்டது. “பெண்டுல மாட்டுது சார். மேல கேசிங் அடிச்சு புது ஒயர் இழுத்துரலாம், இல்லாட்டி சுவர கொத்தணும்” என்றார். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவரைக் கொத்த அம்மா சம்மதிக்கவில்லை. சுவர்மேல் கேசிங் பட்டை அடித்து அதற்குள் ஒயர் ஓட்டினால் பார்க்க நன்றாக இருக்காது என்று நான் சம்மதிக்கவில்லை. “அப்ப நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதைத்தான் இரண்டு வாரமாகச் செய்துகொண்டிருந்தேன்.

வாங்கியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு டோன் ஜெனரேட்டரும் அதன் ப்ரோபும். டெலிபோன், நெட்வொர்க் ஒயர் போடுபவர்கள் நூறு ஒயர் நடுவே தங்களுடையதைப் பிடிக்க வைத்திருக்கும் சாமான் இது. சின்ன டப்பாவில் சிவப்பு, கறுப்பு என இரண்டு முதலைக் கிளிப். அதிலிருந்து காதுக்குக் கேட்கும் அலைவரிசையில், ஒரு நொடியில் பலமுறை மாறி மாறி வரும் ‘டீடூ டீடூ’ என்ற சிக்னல் ஒயருக்குள் போகும். பேனா மாதிரி இருக்கும் ப்ரோபை அந்த ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடாமலேயே அந்தச் சத்தத்தை வாங்கி அதன் ஸ்பீக்கரில் பாடும். இரண்டுக்கும் 9 வோல்ட் பேட்டரி. ஒயரில் கரண்ட் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. ஒயரின் மேல் ஏறி இறங்கும் வோல்டேஜை ப்ரோபின் முனை உணர்ந்துகொள்கிறது. அதனால்தான் அறுந்த ஒயரிலும் அறுந்த இடம் வரை சத்தம் கேட்கும். என் கணக்கெல்லாம் அதை நம்பித்தான்.

ஒன்று முக்கியம்: கரண்ட் இருக்கும் லைனில் இதை மாட்டக் கூடாது. டப்பா போய்விடும், கையும் போகலாம்.

முதல் ஞாயிறு. காலை பத்து மணிக்கு மெயினை இறக்கினேன். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியின் மூடியைக் கழற்ற ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன். கழுத்தில் ஜில்லென்று காற்று பட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஹால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர்! ஈபி கரண்ட் நின்ற மறுகணம் அது தன் கடமையைச் செய்துவிட்டது. எனக்கு எதிரே இருந்த பாதி ஒயர்களில் 230 வோல்ட் அப்படியே இருந்தது. மெயினை இறக்கியதும் வீடு செத்துவிட்டது என்று நினைக்கும் பழக்கம் இன்வெர்ட்டர் வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம். அதன் அவுட்புட் பிளக்கைப் பிடுங்கி, நாற்பது வாட்ஸ் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டிச் செய்த டெஸ்ட் லாம்ப்பை எல்லா லைனிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன்.

அன்று செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். நியூட்ரல் லிங்கில் இருந்த ஒயர்களைக் கழற்றாமல், அந்தப் பித்தளைப் பட்டையிலேயே சிவப்புக் கிளிப்பை மாட்டிவிட்டேன். ப்ரோபை எந்தச் சுவரில் வைத்தாலும் டீடூ. சமையலறையில் டீடூ, குளியலறையில் டீடூ, பூஜை அறையில்கூட. வீட்டு நியூட்ரல் எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்திருக்கும்போது சத்தமும் எல்லாவற்றிலும் தானே போகும்? “எய்யா, வீடு பூரா கொசு கத்துத மாரி இருக்கு, நிப்பாட்டு” என்றார் அம்மா. ஃபிரிட்ஜ் வேறு இரண்டு மணி நேரமாக ஆஃப். மாவு புளித்துவிடும் என்ற கவலை அவருக்கு. நிப்பாட்டினேன்.

செவ்வாய் இரவு ஒரு மணி நேரம் கிடைத்தது. லிங்கில் ஏழு கறுப்பு ஒயர்கள். பின்அறையுடையது எது? அறுந்த ஒயரை அதன் மறுமுனையிலிருந்து தேட முடியாது. எனவே நல்ல ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழித்தேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அறை பிளக் பாயிண்டிலிருந்தும் இருபது மீட்டர் ஒயர் ஒன்றை டிபி வரை இழுத்து வந்து, மல்டிமீட்டரை, ஒயர் அறுபடாமல் இருந்தால் ‘பீப்’ அடிக்கும் கன்டினியூட்டியில் வைத்துப் பார்த்தேன். ஆறு ஒயர்கள் தத்தம் அறைக்கு ‘பீப்’ சொல்லிவிட்டன. எந்த அறைக்கும் சொல்லாத ஏழாவதில் துணி டேப் சுற்றி, அதில் ஒரு காகிதத் துண்டு மாட்டினேன். இதற்கு டோன் ஜெனரேட்டர் தேவையே படவில்லை.

சனிக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். ஸ்டூலைப் பிடிக்க ஆள் கிடைத்தது. இந்த முறை ஏழாவது ஒயரில் மட்டும் சிவப்புக் கிளிப். கறுப்புக் கிளிப்பை எர்த்தில் மாட்டினேன். டிபியிலிருந்து சத்தம் கிளம்பியது, சுவரில் ஏறியது, கூரைக்குள் போனது. ஸ்டூலில் ஏறி ப்ரோபைக் கூரையில் தேய்த்தபடியே போனால் ஹாலின் குறுக்கே நேர்க்கோடாகப் போய், நடைபாதைப் பக்கம் திரும்பியது. அங்கங்கே பென்சிலால் புள்ளி வைத்தேன். காங்கிரீட் போடும்போதே கூரைக்குள் பைப்பைப் பதித்திருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எங்கள் தலைக்கு மேலேயே இருந்த பாதை அது. முதல் தடவையாக அன்றுதான் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே பின்அறைக்குள் போய்விட்டேன். சத்தம் அங்கேயும் கேட்டது. ஸ்விட்ச் போர்டு வரைக்கும்.

“மாமா, அறுந்த இடத்துல சத்தம் நின்னுரும்னு சொன்னீங்க?”

சொன்னேன்தான். கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நியூட்ரல் அறுந்தது உறுதி, மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அறுந்த இடத்தைத் தாண்டிச் சத்தத்தைக் கொண்டுபோவது யார்? அதே பைப்பில் நியூட்ரலை ஒட்டிக்கொண்டு போகும் பேஸ் ஒயர்தான். இரண்டு முனையிலும் கழற்றிவிட்டதால் அது எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் இருந்தது. பத்து மீட்டருக்கு மேல் இரண்டு ஒயர்கள் உரசிக்கொண்டு போனால் அதுவே ஒரு சின்னக் கெபாசிட்டர், தாமிரம் தொடாமலேயே சிக்னலைக் கடத்தும். சத்தம் பேஸ் ஒயருக்குத் தாவி, அறுந்த இடத்தைத் தாண்டி, மறுபடி நியூட்ரலின் மிச்சத்துக்கும் தாவியிருக்கிறது.

மருந்து எளிது. பேஸ் ஒயரின் இரண்டு முனையையும் எர்த் ஒயரோடு சேர்த்துக் கட்டினேன். இனி அதில் தாவும் சத்தம் எர்த்துக்குள் இறங்கிவிடும். இன்னொன்றும் செய்தேன். அந்த எர்த் ஒயரும் அதே பைப்பில்தானே போகிறது? கறுப்புக் கிளிப்பை அதில் மாட்டினால் போன சத்தமும் திரும்பும் சத்தமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் தென்னை மரத்தடியில் கடப்பாரையை இரண்டடி இறக்கி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து ஒயர் இழுத்துக் கறுப்புக் கிளிப்பில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, “போர் போடுதீங்களா?” என்று கேட்டார்.

இப்போது மொத்தச் சத்தமே குறைந்துவிட்டது. ப்ரோபின் வால்யூமை முழுக்க வைத்தால்தான் கேட்கிறது. ஆனால் தெளிவு வந்துவிட்டது. ஹாலில் டீடூ, நடைபாதையில் டீடூ, பரண் இருக்கும் சுவரை நெருங்கும்போது டீடூ. அப்புறம் ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்றுமில்லை. வெறும் ‘ஸ்ஸ்’. திரும்ப வந்தால் டீடூ. ஐந்தாறு தடவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். கடைசி முறை கண்ணை மூடிக்கொண்டேன். கை அதே இடத்தில்தான் நின்றது.

டப்பாவைக் கொண்டுபோய்ப் பின்அறை முனையில் மாட்டி எதிர்த்திசையில் வந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் நின்ற இடத்துக்கும் முதல் குறிக்கும் இடையே என் உள்ளங்கை அகலம்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மல்டிமீட்டரில் கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதி இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு கெபாசிட்டன்ஸ். டிபி பக்கத்திலிருந்து நியூட்ரலுக்கும், கட்டி வைத்த பேஸ்-எர்த்துக்கும் நடுவே அளந்தால் 0.70 நானோ ஃபாரட். பின்அறைப் பக்கத்திலிருந்து 0.40. மொத்தம் 1.10-ல் 0.70 என்றால் பாதையில் 64 சதவீதம். பென்சில் புள்ளிகளை டேப் வைத்து அளந்ததில் மொத்தப் பாதை 17 மீட்டர். அப்படியானால் டிபியிலிருந்து 10.8 மீட்டர். ப்ரோப் காட்டிய இடம் 11 மீட்டருக்கு ஒரு சாண் குறைவு. அக்கா மகன் கைதட்டினான். எனக்கும் தட்டத் தோன்றியது, ஸ்டூலில் நின்றதால் தட்டவில்லை.

பரணில் இருந்த பித்தளைப் பானைகளையும் கொலுப்படிப் பலகைகளையும் இறக்க ஒரு மணி நேரம். சுவர் வழவழவென்றிருந்தது, ஒயர்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸ் இருந்த அடையாளமே இல்லை. ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். டக், டக், டக், டொப். சுரண்டினால் இரண்டு பட்டி பூச்சுக்கு அடியில் ஜங்ஷன் பாக்ஸ் மூடி! கடைசியாகப் பெயிண்ட் அடித்தவர்கள் மூடியோடு சேர்த்துப் பட்டி போட்டு மறைத்துவிட்டார்கள். உள்ளே மூன்று முறுக்குகள், காய்ந்து சுருண்ட டேப்போடு. பேஸ் முறுக்கும் எர்த் முறுக்கும் நன்றாக இருந்தன. நியூட்ரல் முறுக்கின் மேல் டேப் கரிந்து கட்டியாகியிருந்தது. விரலால் தொட்டதும் ஒரு ஒயர் அப்படியே கழன்று வந்தது. தாமிரம் அந்த நுனியில் மட்டும் கறுத்து, கிள்ளினால் ஒடியும் பதத்தில் இருந்தது. பின்அறையில்தான் அயர்ன் பாக்ஸ் போடுவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், தளர்ந்த முறுக்கில், வருஷக்கணக்காக.

அண்ணாச்சிக்கு போன் செய்தேன். வந்து பார்த்து, “கரெக்டா இங்கனதானா?” என்று இரண்டு முறை கேட்டார். கருகியதை வெட்டிவிட்டு, திருகும் கனெக்டர் போட்டு இணைத்தார். பதினைந்து நிமிஷ வேலை. ப்ரோபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று விசாரித்தார். அயர்ன் பாக்ஸுக்கு வேறு பாயிண்ட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த வெற்றி தலைக்கேறியதில் அடுத்த வாரமே மூக்கு உடைந்தது. மழை பெய்தால், கரண்ட் கசிந்ததும் லைனை வெட்டும் ஆர்சிசிபி விழும் தொல்லை ஒன்று எங்களுக்கு உண்டு. சந்தேகம் மொட்டை மாடி விளக்கின் மேல். ஆனால் அதன் எம்சிபியை ஆஃப் செய்தாலும், கீழே யாராவது மோட்டார் போட்டதும் விழுகிறது. எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். மாடியில் நியூட்ரல் ஈரத்தில் எர்த்தைத் தொட்டால், மோட்டாரின் திரும்பும் கரண்டில் கொஞ்சம் அந்த வழியாக நழுவும். 30 மில்லி ஆம்பியர் நழுவினாலே ஆர்சிசிபிக்குப் போதும். இதுவரை நன்றாகத்தான் யோசித்தேன். பிறகு டோனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஈரச் சுவரில் சத்தம் ஒயரைவிட்டுச் சுவர் முழுக்கப் பரவிக் கிடந்தது. எங்கும் நிற்கவும் இல்லை, எங்கும் கூடவும் இல்லை. அறுந்த ஒயரைச் சொல்லும் கருவியிடம் கசியும் ஒயரைக் கேட்டால் எப்படிச் சொல்லும்?

கடைசியில், ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் அண்ணாச்சியின் மெக்கர்தான் வழி காட்டியது. மாடி நியூட்ரலை லிங்கிலிருந்து கழற்றி, 500 வோல்ட்டில் எர்த்துக்கு அளந்தார். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. படிக்கட்டுப் போர்டில் ஒயரைப் பிரித்துப் பாதி பாதியாக அளந்து போனதில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழிருந்த ஸ்விட்ச் பெட்டியில் வந்து நின்றோம். திறந்தால் எறும்புப் புற்று, ஈரமண், அதற்குள் மூழ்கிய நியூட்ரல்.

இப்போது டோன் ஜெனரேட்டரை வைத்து வீட்டு வயரிங்கை வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். ஹாலும் சமையலறையும் முடிந்தன. டிபியில் எந்த எம்சிபியிலும் சேராத மஞ்சள் ஒயர் ஒன்று நுனியில் டேப் சுற்றிக் கிடக்கிறது. அதில் சிக்னல் விட்டால், சத்தம் மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்தில் கொஞ்ச தூரம் போய், ஜன்னலுக்கு அடியில் நின்றுவிடுகிறது. தட்டிப் பார்த்தேன், டொப் இல்லை. அங்கே அப்பா என்ன வைக்க நினைத்தார் என்று அம்மாவிடம் கேட்டால், “ஏதோ சொன்னாரு, மறந்துபோச்சு” என்கிறார்.