வாய்பாடும் வாய்க்காலும்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்று சொன்னால் கேட்பவர்களுக்கு முதலில் விளங்குவதே இல்லை. ஊரையே தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்கிறார்கள், எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளிக்கூடச் சுவர் வரும், என் மாமியாரே ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் டீச்சராக இருந்தவர். அந்த வீட்டில்தான் எங்கள் மூன்று பிள்ளைகளும் வீட்டிலேயே படிக்கிறார்கள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு, நடுவுள்ளவளுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. இப்படி ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, நீங்க எந்த மெத்தட்ல சொல்லிக்கொடுக்கீங்க?" நின்றுகொண்டே பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருடம் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு முழுப் பாடத்திட்டத்தைப் பெட்டியாக வரவழைத்தோம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்றே தயாரித்தது, பக்கத்துக்குப் பக்கம் வசனம், இன்ன தேதியில் இன்ன பாடம் என்று எல்லாம் எழுதியே இருக்கும். கணக்கில் டாலரும் சென்ட்டும் வந்தன, அறிவியலில் பனிக்காலம் வந்தது, வரலாறு கப்பலில் அமெரிக்கா போய் இறங்கியவர்களிலிருந்து தொடங்கியது. அதையெல்லாம்கூட மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பி, ஆறு வயதுப் பையன் ஆகஸ்ட் மாதத்துக்குள் பென்சிலைப் பார்த்தாலே கண்கலங்க ஆரம்பித்துவிட்டான். ஒரு நாள் ராத்திரி அவர், என் கணவர், சொன்னார்: "நாம பள்ளிக்கூடத்தைத்தான் வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்திருக்கோம்." பெட்டியைக் கட்டிப் பரணில் வைத்தோம்.

அப்புறம்தான் சார்லட் மேசனைப் பற்றி வாசித்தேன். 1842 முதல் 1923 வரை வாழ்ந்த ஆங்கிலேயப் பெண்மணி, இங்கிலாந்தின் ஆம்பிள்சைடு என்கிற சின்ன ஊரில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்தவர். குழந்தை பிறக்கும்போதே ஒரு முழு ஆள் என்பதுதான் அவருடைய முதல் கொள்கை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, நல்ல புத்தகத்தை ஒரே ஒரு முறை வாசித்துவிட்டுப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும், வெளியே போய் மரத்தையும் பறவையையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் திருப்பிச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்துவிட்டு, மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னவரைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை வாசித்து மூத்தவனைச் சொல்லச் சொன்னேன். கழுதை, எண்ணெய், சத்திரம், இரண்டு பணம் என்று ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டு, "அம்மா, அவர் திரும்பி வந்து மீதிக் காசைக் கொடுத்தாரா?" என்று கேட்டான். நாற்பது கேள்வி உள்ள ஒரு பயிற்சித் தாளில் அந்தக் கேள்வி இருக்காது. அதைக் கேட்ட பிள்ளை அந்தக் கதைக்குள் நடந்துபோய் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

வாரத்தில் இரண்டு நாள் பாளையங்கால்வாய் ஓரமாக நடக்க ஆரம்பித்தோம். தை மாதம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். அங்கே நாரைகளைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் அவித்த பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்ட பழைய பாட்டைச் சொன்னேன். பிள்ளைகள் கையில் இருந்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவுள்ளவள் அன்றைக்கு வரைந்த படம் இன்னும் சுவரில் இருக்கிறது. இதில் ஒரே குறை, தமிழில் அப்படி வாசித்துக் காட்டுவதற்கு ஏற்ற சிறுவர் நூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கிற அளவுக்குக் கைக்குக் கிடைப்பதில்லை. நிறைய நாள் வேதாகமத்தையும் அத்தை, அதாவது என் மாமியார், சொல்லும் ஊர்க் கதைகளையும் வைத்துத்தான் சமாளிக்கிறோம்.

சரி, இதுவே போதும் என்று இரண்டு வருடம் ஓட்டினேன். அதில் ஒரு பிழை நடந்தது. ஒன்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பையனுக்கு ஏழெட்டு என்ன என்று கேட்டால் விரல் விடுகிறான். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கதை நல்லாத்தான் இருக்கு. வாய்பாட்டை யாரு சொல்லிக்கொடுப்பா?" என்று கேட்டார்கள். மனப்பாடம் என்றாலே பிள்ளையின் மூளையைக் கெடுப்பது என்று அந்த நாட்களில் நான் நம்பியிருந்தேன், அது தவறு. வேதாகம வசனத்தையும் அதில் உள்ள சங்கீதங்களையும் மனப்பாடம் செய்து வளர்ந்தவள்தானே நான். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தபோது இருபத்து மூன்றாம் சங்கீதம் அவர் வாயிலிருந்து தானாக வந்தது, அது ஞாயிறு பள்ளியில் அவர் உருப்போட்டது.

அந்த நேரத்தில்தான் கிளாசிக்கல் முறையைப் பற்றிப் பார்த்தேன். ஆங்கிலேய எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்கிற பழைய மூன்று படிகளைப் பிள்ளையின் வயதோடு பொருத்திக் காட்டியது அந்த உரை. சின்ன வயதில் பிள்ளை கிளிபோலச் சொல்வதை விரும்புகிறது, அப்போதே நிறையக் கொடுத்து நிரப்பிவிடு. பத்து, பதினொன்றில் எதிர்த்துக் கேட்க ஆரம்பிக்கும், அப்போது வாதிடக் கற்றுக்கொடு. அதற்கப்புறம் தன் வார்த்தையில் சொல்லப் பழக்கு. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடியும் எண்சுவடியும் அப்படித்தானே நடந்தன. அதனால் தினமும் காலையில் இருபது நிமிடம் அத்தையின் நேரம். வாய்பாடு, குறள், மனப்பாட வசனம், எல்லாம் ராகத்தோடு. கூடத்துச் சுவரில் ஒரு காலக்கோடும் ஒட்டினோம். 1785-இல் குளோரிந்தா அம்மாள் இங்கே கட்டிய ஆலயம், 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி, 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மன். நாங்கள் நடந்து போய்ப் பார்க்கிற ஒரு சின்ன ஆலயம் உலக வரலாற்றுக்குள் வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்கு வருடங்கள் மறக்கவே இல்லை.

கடைக்குட்டிக்கு, சின்னப் பிள்ளைகள் பொருட்களைக் கையால் தொட்டுப் படிக்கும்படி இத்தாலியின் மரியா மாண்டிசோரி உருவாக்கிய முறை. அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி வேலை செய்தார் என்பதை அறிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எண்ணிப் பழக அவர் முறையில் வைத்திருக்கும் மணிகளை வாங்க வசதியில்லை. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகச் சின்னப் பைகளில் கட்டி, பத்துப் பைகளை ஒரு டப்பாவில் போட்டால் நூறு. எழுத்துக்கு ஒரு தட்டில் ஆற்று மணல். அதில் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது அக்கா. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்கிற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத்தான் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஏற்பாடு மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. நம் சட்டாம்பிள்ளை கடல் தாண்டியிருக்கிறார்!

இப்படிச் சொன்னால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டது மாதிரித் தெரியும். அப்படி எடுக்கவில்லை. ஒவ்வொரு முறைக்கும் அடியில் பிள்ளை என்றால் யார் என்பதைப் பற்றி ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை முதலில் பார்க்கிறோம். பாடமே வேண்டாம், பிள்ளை விரும்பியதை விரும்பியபோது படிக்கட்டும் என்கிற வழியை நண்பர்கள் சிலர் பின்பற்றுகிறார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்து மலைத்திருக்கிறேன். ஆனாலும் அதை முழுசாக எங்களால் எடுக்க முடியவில்லை. பிள்ளை தேவசாயலில் படைக்கப்பட்டவன், அதனால் அவனைக் காலிப் பாத்திரமாக நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது. அதே பிள்ளை என்னைப் போலவே பாவத்தில் விழுந்துபோன சுபாவமும் உள்ளவன், அதனால் அவன் விருப்பமே வழிகாட்டட்டும் என்று விடவும் முடியாது. இந்த இரண்டும் சேர்ந்து எங்கே நிற்கிறதோ அங்கேதான் நாங்கள் நிற்கிறோம். வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு உட்காருவது அத்தையின் வாய்பாடு என்றால் நடப்பது வாய்க்கால் கரை.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை வரும்போது எல்லாப் பாடத்தையும் ஒரு வாரம் மூடிவிடுவோம். போன தடவை ஆயிரத்து இருநூறு பேருக்குச் சோறு, ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று சமையல்காரர் சொன்ன கணக்கை வைத்து நூற்றைம்பது கிலோ என்று நடுவுள்ளவள் போட்டுச் சொன்னாள். அவர் ஏற்கெனவே அதைத்தான் இறக்கி வைத்திருந்தார்.

இனிமேல்தான் கடினமான பகுதி. பள்ளிக்குப் போகாமலே பரீட்சை எழுத முடிகிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், பத்தாம் வகுப்பு எழுதப் பதினான்கு வயது ஆக வேண்டும், ஐந்து பாடம் வேண்டும். மூத்தவனுக்கு இன்னும் இரண்டு வருடம்தான். அந்தப் பாடப்புத்தகங்களை நாரை பார்க்கிற மாதிரிப் படிக்க முடியாது, வரிசையாக உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இப்போதே சாயங்காலம் அப்பாவோடு ஒரு மணி நேரம் அறிவியல் நடக்கிறது. அவன் ஒரு பகுதியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்துத் திருப்பிச் சொல்கிறான், விட்ட இடத்தை அவர் கேட்கிறார். ஆறு வயதில் பழகியது இதற்கும் உதவுகிறது. வேதியியல் என்னால் முடியாது, ஒரு டீச்சரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு: நாலு வயதுதானே ஆகிறது உன் பிள்ளைக்கு, இப்போது எதையும் வாங்காதே. வியாழக்கிழமை காலை ஒரு பழைய தட்டும் கொஞ்சம் மணலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. எங்கள் நடுவுள்ளவள் சொல்லிக்கொடுப்பாள், நாம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு பார்ப்போம்.