ஒரு வீட்டுக்கு ஏழு கொப்பி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தப் படலையைத் திறக்கக்கூடிய அரச உத்தியோகத்தர்கள் பலர். நிறை பார்க்கவும் தடுப்பூசிக்கு நினைவூட்டவும் குடும்பநல உத்தியோகத்தர். பிரதேச செயலகத்திலிருந்து முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி, சிறுவர் உரிமை, பெண்கள் அபிவிருத்தி, உளவளத்துணை என்று நான்கு பேர். அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கு இன்னொருவர், உறுதிப்படுத்த ஜீ.எஸ். எனும் கிராம உத்தியோகத்தர். ஆளுக்கொரு கொப்பி. எல்லாவற்றிலும் அதே தாயின் பெயர்தான், ஆனால் ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. கணவனுக்கு வேலையில்லாததையும் லோன் கட்ட முடியாததையும் அவள் வருகிற எல்லாரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, "ஒண்டும் இல்ல மிஸ், எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவாள். அந்தப் பதிலையும் உத்தியோகத்தர்களாகிய நாங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறோம்.

இவர்களின் வேலையை ஒன்றாக இணைக்கும் ஒருங்கிணைந்த குடும்ப சேவை என்றதும் எல்லாரையும் ஒரே கட்டடத்தில் இருத்துவதைப் பற்றியே பேச்சு எழும். வாகரையிலோ வெல்லாவெளியிலோ உட்கிராமத்தில் இருக்கிற தாய்க்கு அந்தக் கட்டடமும் இன்னொரு பஸ் பயணம்தான். அதைவிட முந்தி வேண்டியது, ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர். மற்றவர்கள் அவரூடாகத்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும். அவர் யார் என்பதைப் பதவி பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. "ஒரு கஷ்டம் எண்டா முதல்ல ஆருக்குக் கோல் எடுப்பீங்க?" என்று தாயிடமே கேட்டால் தெரிந்துவிடும். பல வீடுகளில் அது குடும்பநல உத்தியோகத்தர். சில வீடுகளில் முன்பள்ளி ஆசிரியை.

பெரும்பாலும் கதை பிள்ளையின் கிளினிக் கொப்பியிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில்தான் தொடங்கும். ஒரு மாத நிறையை வைத்து யாரையும் ஏசக் கூடாது. முதலில் தராசைப் பாருங்கள். தொங்கு தராசென்றால் பிள்ளையை இருத்தும் காற்சட்டையைக் கொழுவிய பிறகே முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை மறந்தால் காற்சட்டையின் நிறையும் பிள்ளையின் கணக்கில் ஏறிவிடும். அதைச் சரிபார்த்த பிறகும் கோடு அடுத்தடுத்த மாதங்களில் ஏறாமல் படுத்திருந்தால், நிறம் இன்னும் பச்சையாக இருந்தாலும், அப்போதே வீட்டுக்குப் போக வேண்டும். செம்மஞ்சளுக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தால் மீட்க எடுக்கும் காலம் கூடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதத்திலும் வீக்கம் கண்டாலோ, அடுத்த உத்தியோகத்தருக்குத் துண்டு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற வேலை இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டில் கேட்கிற முதல் கேள்வி முக்கியம். "பிள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறீங்களா?" என்றால் எந்தத் தாயும் ஓம் என்றுதான் சொல்வாள். "நேத்து விடிஞ்சதில இருந்து படுக்கிற வரைக்கும் புள்ள என்னென்ன திண்டது, சொல்லுங்க மகள்" என்று கேட்டால் கதை வரும். சோறு வடித்த கஞ்சி, பிறகு மாரி பிஸ்கட்டும் தேத்தண்ணியும், இரவில் பருப்புத் தண்ணி. வயிறு நிரம்பியிருக்கும், சத்து இருக்காது. ஊட்டுகிற சாப்பாடு கரண்டியைச் சரித்தாலும் வழியாமல் நிற்க வேண்டும். அதை அவள் வீட்டுக் கோப்பையிலும் கரண்டியிலுமே செய்து காட்டுங்கள். அவித்த முட்டை, முள் எடுத்து மசித்த மீன், முருங்கை இலை, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் எல்லாம் அந்த வளவுக்குள்ளேயோ பக்கத்திலேயோ கிடைப்பவைதான்.

கிளினிக்கில் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷாவின் கணக்கையும் அங்கேயே பார்க்கலாம். ஒரு பைக்கற் 750 கிராம். நாளுக்கு 50 கிராம் வீதம் பதினைந்து நாளுக்குப் போதும், அதனால்தான் மாதத்துக்கு இரண்டு. இரண்டும் ஒரு கிழமையில் முடிந்தால் தாய் கவனமில்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள். மூத்ததுகள் இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சின்னனுக்கு மட்டும் எந்தத் தாயால் உருட்டிக் கொடுக்க முடியும்? இந்த இடத்தில் நிறையின் பிரச்சினை வருமானத்தின் பிரச்சினையாகிவிடுகிறது. இரண்டாவது கொப்பி திறக்க வேண்டிய நேரம் இதுதான்: அஸ்வெசும விண்ணப்பம் எங்கே நிற்கிறது, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, லோன் எத்தனை இடத்தில்.

துண்டு எழுதி அனுப்புவதில்தான் கூடுதலான பிழை நடக்கிறது. "தகுந்த நடவடிக்கைக்கு" என்று எழுதிய துண்டுக்கு எவரும் பதில் போடமாட்டார்கள், ஏனென்றால் அதில் கேள்வியே இல்லை. "அஸ்வெசும மேன்முறையீடு கிடைத்ததா, இல்லையென்றால் எந்த ஆவணம் குறைவு, பதினான்கு நாளுக்குள் அறியத் தரவும்" என்று எழுதினால் பதில் வரும். துண்டின் அடிக்கட்டை, அதை எழுதியவரிடமே இருக்க வேண்டும். பதில் வரும்வரை அந்தத் துண்டு முடிந்ததாகக் கணக்கில்லை. தாயைத் தனியே அனுப்புவதற்குப் பதிலாக, அவள் முன்னாலேயே அடுத்த உத்தியோகத்தருக்குக் கோல் எடுத்து நாளும் நேரமும் கேட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.

மட்டக்களப்பில் பெரும்பாலும் பெண் கலியாணம் முடித்த பிறகும் தாயின் வளவிலோ அதன் பக்கத்திலோதான் இருக்கிறாள். மாப்பிள்ளைதான் அங்கே வருகிறார். ஆகவே பிள்ளை வளர்ப்பில் அம்மம்மாவின் சொல்லுக்குப் பாரம் கூட. அவரை விலக்கிவிட்டுத் தாய்க்கு மட்டும் சொன்ன ஆலோசனை பின்னேரத்துக்குள் மாறிவிடும். நாவூறுக்கு நூல் கட்டியிருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நூலும் இருக்கட்டும், முட்டையும் கொடுங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் கிளினிக் கொப்பி அம்மம்மாவின் கையில்தான். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா என்று கேட்காமல் அடுத்த திகதியை எழுதிக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

தகப்பன்மாரைக் காண நேரம் மாற்ற வேண்டும். இரவில் கடலுக்குப் போகிறவர் காலையில் கரை சேர்ந்து, மீன் விற்று, பிறகே வீட்டுக்கு வருவார். அறுவடைக் காலத்தில் வயல்காரரைப் பகலில் தேடிப் பயனில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரமான நண்பகலைத் தவிருங்கள். லோன் அறவிடும் நாளில் கூட்டம் வைத்தால் தாய்மாரும் வரமாட்டார்கள்.

உத்தியோகத்தர்களின் மாதக் கூட்டத்தில் எல்லாக் குடும்பத்தையும் வாசிக்கத் தேவையில்லை. பதில் வராமல் நிற்கிற துண்டுகளை மட்டும் எடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். வீட்டுக்குள் நடக்கும் அடி, உதை, பிள்ளை மீதான துஷ்பிரயோகம் அந்த மேசைக்கு வரக் கூடாது. ஊர் சிறியது; கூட்டத்தில் இருக்கும் ஒருவர் கணவனின் சொந்தக்காரராக இருப்பார். அது சிறுவர் உரிமை அல்லது பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோடு தனியாகப் பேச வேண்டியது. அவசரமென்றால் பிள்ளைக்கு 1929, பெண்ணுக்கு 1938. மற்ற விடயங்களிலும் எதை யாருக்குச் சொல்லலாம் என்று தாயிடம் முன்கூட்டியே கேட்டு, அவள் சொன்னதைக் கொப்பியில் குறித்துவையுங்கள்.

இவ்வளவு கட்டியெழுப்பியதும் ஒரு இடமாற்றக் கடிதத்தில் அறுந்துபோகிறது. கொப்பியைக் கையளித்தால் போதாது. போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். முடிக்காத துண்டுகளைத் தாய்க்கு முன்னாலேயே வாசித்துக் கையளித்து, புதியவரின் பெயரையும் இலக்கத்தையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டு வர வேண்டும்.