காய்ச்சல் கணக்கெடுப்பும் கல்லூரிப் பட்டமும்

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவிய பிறகு, சென்னையில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் வேலை மும்முரமானது. சுகாதார ஆய்வாளரான எனக்குக் கிடைத்த பகுதியில் ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், மறுபக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. படித்தவர்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும், வாரியத்துக்காரர்களிடம்தான் கத்த வேண்டும் என்று கூட்டங்களில் பேசிக்கொண்டார்கள்.

காய்ச்சலை மறைப்பதில் இரண்டு பக்கமும் சளைக்கவில்லை. அடுக்குமாடியில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியாது. “எல்லாரும் நல்லா இருக்காங்க சார், குரூப்ல கேட்டுட்டேன்” என்பார் சங்கச் செயலாளர். மருந்துக் கடையில் விசாரித்தால், அதே கட்டடத்துக்குப் பாராசிட்டமால் அட்டை அட்டையாகப் போயிருக்கும். வாரியத்தில் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: “காய்ச்சல்னு சொன்னா வெளிய வர முடியாம வாசல்ல தகரம் அடிச்சிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் வேலைக்கு யாரு சார் போறது?” அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1000 ரூபாய் எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை அறியாமை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதை எனக்கு நினைவில் நிற்கும்படி சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இட்லிக் கடை அக்கா. மூடிய அறையில் கூட்டமாக இருக்காதீர்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “மிளகா நெடி மாதிரிதானே? ஜன்னலத் தொறந்தா போயிடும்” என்றார். அதே வாரம் ஒரு பொறியாளர் வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவினார்கள். ஏசி போட்டு மூடிய கூடத்தில் உறவினர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பொருள்களைத் துடைக்கச் சொல்லித்தான் அப்போது தொலைக்காட்சி முழுக்க அறிவுரை. அவர்கள் அதைக் கவனமாகக் கேட்டவர்கள், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொற்று வந்தவர் வீட்டில் தனிமையில் இருக்க வேண்டும் என்றால் தனி அறை, தனிக் கழிப்பறை வேண்டியிருந்தது. பட்டம் வாங்கியவர்கள் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினார்கள் என்று நாங்கள் பாராட்டியதில் பாதி, அவர்களிடம் இருந்த கூடுதல் அறைக்குச் சேர வேண்டியது.

இரண்டாம் அலையில் படித்தவர்களின் பதற்றம் வேறு மாதிரி. 2021 மே மாதம் ரெம்டெசிவிர் என்ற மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலிலும் பிறகு நேரு விளையாட்டரங்கத்திலும் கூட்டம் முண்டியடித்தது. கொரோனாவுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. என் பகுதியிலிருந்து போனவர்களுக்கு நுரையீரல் பாதிப்பைக் காட்டும் சி.டி. ஸ்கோர், ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் சோதனை எல்லாம் அத்துப்படி. மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், அதனால் நின்றார்கள். வார்த்தைகள் தெரிந்திருந்ததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டு 17-ஆம் தேதி இறந்தபோது இரண்டு பக்கமும் ஒரே நாளில் பின்வாங்கின. வாரியத்தில் “ஊசி போட்டா செத்துருவோம்” என்றார்கள். அடுக்குமாடியில் “கோவேக்சினுக்கு மூன்றாம் கட்டத் தரவு எங்கே?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அந்தத் தடுப்பூசிக்கு ஜனவரியில் அனுமதி கொடுத்தபோது, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்க்கும் அந்தக் கட்டத்தின் தரவு வந்திருக்கவில்லை. ஆனால் ஜூலையில் வந்த பிறகும் சிலர் அதையே கேட்டார்கள். வாரியத்துப் பெண்களோ தெரிந்த முகத்தைப் பார்த்து மனசு மாறினார்கள். அங்கன்வாடி டீச்சர் அவர்கள் கண்ணெதிரே ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் வழக்கம்போல வேலைக்கும் வந்தார். முகாமை மாலையில் வைத்ததும் கூலி போகாமல் வந்துவிட்டார்கள்.

ஊசி மறுத்தவர்களின் பட்டியலில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அடுக்குமாடிக்காரர்களுக்கு எங்கள் ஆட்கள் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதினார்கள், வாரியத்துக்காரர்களுக்கு ‘விழிப்புணர்வு இல்லை’ என்று. நான் சில பெயர்களுக்கு எதிரே ‘ஒரு நாள் கூலி’ என்று எழுதி அனுப்பினேன். அப்படி ஒரு காரணம் படிவத்தில் இல்லை, திருத்தி அனுப்புங்கள் என்று திரும்பி வந்தது.