எஸ்தோ, எஸோ, அக்கேயோ: டெலே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஸ்பானிய மொழித் திறனுக்கான டெலே தேர்வில் பி1 என்ற இடைநிலைக்குத் தயாராகிறவர்கள் யார் கேட்டாலும், எஸ்தோ (இது), எஸோ (அது), அக்கேயோ (தூரத்து அது) என்ற மூன்று சுட்டுச்சொற்களுக்கும் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வேன். நான் படித்த பாடநூலில் இவற்றுக்கு அரைப் பக்கம்கூட இல்லை. ஆனால் கேட்டல் பகுதி ஒலிப்பதிவுகளில் இவை வந்துகொண்டே இருக்கும்.

தமிழில் புத்தகமும் 'இது', வீடும் 'இது', நேற்று நடந்த சண்டையும் 'இது'. ஸ்பானியத்தில் அப்படி இல்லை. புத்தகம் ஆண்பால், அதற்கு எஸ்தே. வீடு பெண்பால், அதற்கு எஸ்தா. எஸ்தோ வருவது இன்னதென்று தெரியாத பொருளுக்கும், ஒரு முழு விஷயத்துக்கும்தான். 'ஓ' என்று முடிவதைப் பார்த்து ஆண்பால் என்று நினைத்து 'எஸ்தோ லிப்ரோ' என்று எழுதிவிடாதீர்கள். எஸ்தோ எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் நிற்காது.

மாட்ரிட்டில் தாப்பாஸ் என்ற சிறு தீனிகள் விற்கும் ஒரு கடையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பொன்னிறமாகப் பொரித்த ஏதோ இருக்கிறது. 'கே எஸ் எஸோ?', அதாவது 'அது என்ன?' என்று கேட்கிறீர்கள். 'குரோக்கேத்தாஸ்' என்கிறார் கடைக்காரர். குரோக்கேத்தா பெண்பால் சொல். இனி எஸோவுக்கு வேலையில்லை. 'போங்காமே தோஸ் தே எஸாஸ்', அதாவது அதில் இரண்டு கொடுங்கள். பெயர் தெரிந்ததுமே பாலும் எண்ணும் வந்து ஒட்டிக்கொள்ளும். வாய்மொழித் தேர்வில் கடைச் சூழல் வந்தால் இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யுங்கள்.

ஆட்களைக் காட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். போட்டோவைக் காட்டி 'இது என் தம்பி' என்று நாம் இயல்பாகச் சொல்வோம். ஸ்பானியத்தில் 'எஸ்தே எஸ் மி எர்மானோ'தான். அங்கே எஸ்தோ போட்டால் மனிதரைப் பொருளாக்கியது போல் ஆகிவிடும்.

கேட்டல் பகுதியில் ஓர் உயிரெழுத்து பொருளையே மாற்றும். 'ஹுவான் யெகோ தார்தே. எஸோ மே மொலெஸ்தா' என்றால், ஹுவான் தாமதமாக வந்ததுதான் எரிச்சல். 'எஸே மே மொலெஸ்தா' என்றால் எரிச்சல் அந்த ஆள் மேலேயே. எனக்குக் கைகொடுத்த பயிற்சி இதுதான்: ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்து, ஒவ்வோர் எஸோவையும் அடிக்கோடிட்டு, அது முன்னால் வந்த எதைச் சுட்டுகிறது என்று ஓரத்தில் தமிழில் எழுதுவது. மெதுவான வேலைதான், ஆனால் இதைப் போல் காதைத் தீட்டியது வேறில்லை.

அக்கேயோ தூரத்துக்கும், கடந்துபோன பழைய விஷயத்துக்கும். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது, உது, அது என்ற மூன்று அடுக்கு பழக்கம்தான்; கேட்பவர் பக்கம் இருக்கும் 'உது'வை எஸோவோடு சேர்த்து வைத்தால் போதும்.

இவற்றுக்குப் பன்மை கிடையாது. 'இவை எல்லாம்' என்று சொல்லவும் 'தோதோ எஸ்தோ'தான், வினையும் பொதுவாக ஒருமையில் வரும்.

அப்புறம், சில தொடர்களை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். 'போர் எஸோ' என்றால் அதனால்தான். 'ஆ எஸோ தே லாஸ் ஓச்சோ' என்றால் எட்டு மணி வாக்கில். எனக்கு மிகவும் பிடித்தது 'இ எஸோ கே'. நம்முடைய 'இத்தனைக்கும்' அப்படியே அதில் உட்காரும். வாய்மொழித் தேர்வில் பேசும்போது இவை வந்தால் பேச்சு தானாகக் கோவையாகும்.

எழுதும்போது அழுத்தக் குறி (உயிரெழுத்தின் மேல் இடும் சாய்கோடு) பற்றிக் குழப்பம் வேண்டாம். எஸ்தே, எஸே, அக்கெல் பிரதிப்பெயராக வரும்போது குறி போடும் பழைய வழக்கத்தை ஸ்பானிய அரச அகாதமி 2010-இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில் கைவிடச் சொன்னது. எஸ்தோ, எஸோ, அக்கேயோ மூன்றுக்கும் அந்தக் குறி முன்பும் தேவைப்படவில்லை. குழம்பிப்போக அவற்றுக்குப் பெயரடை வடிவமே கிடையாது.