ஹெரால்டு முன்பக்கம்: ஸ்பிரிங்கை அப்புறம் பாருங்கள்

சென்னை அருகே சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் கார்கள் முன்பக்க சஸ்பென்ஷனில் ஒரே குடும்பம். வளைவில் பிடிமானம் வேண்டுமென்றால் முதலில் கீழே உள்ள வெண்கல டிரன்னியனைக் கவனியுங்கள்; சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க் என்ற நிமிர்ந்த துண்டு மரையில் சுழலும் இணைப்பு அது. அதற்கு கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரைக்குள் இறங்காது. தண்ணீர் புகுந்து துருப்பிடித்து, இறுகி, ஸ்டீரிங்கைத் திருப்பும்போது வெர்டிகல் லிங்க் முறியும். எண்ணூர், மணலி கடற்காற்றில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் (உருளை) மாற்றினால், வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பிறகே போல்ட்டை இறுக்குங்கள். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் முறுக்கிக் கிழியும்.

கீழ் விஷ்போனை (சக்கரத்தைச் சட்டத்துடன் இணைக்கும் கை) பிடிக்கும் பிராக்கெட் இரண்டிலும் சமமாக ஷிம் (மெல்லிய தகடு) சேர்த்தால் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்வது, கூடும். பிறகு டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்பக்கம் ஒடுங்கும் அளவு) கட்டாயம் சரிபாருங்கள்: 0 முதல் 1.5 மி.மீ. கண்டெய்னர் லாரிகள் குழியாக்கிய சாலையில் ஓட்டுவதென்றால் வண்டியை அதிகம் தாழ்த்தாதீர்கள்.