பக்கத்து ஊர் ஆலையும் நம் கைப் பங்கும்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவத்தில் பாளையங்கோட்டையில் என்னிடம் வருபவர்களின் டீமேட் (மின்னணுப் பங்குக் கணக்கு) அறிக்கைகளைத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில், நம் பக்கத்து முதலீட்டாளர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்னையிலும் கோவையிலும் உள்ள என் நண்பர்களின் பட்டியலில் அபூர்வமாகத் தென்படும் சில பெயர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன: சுஸ்லான், இந்தியா சிமெண்ட்ஸ், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, அண்மைக் காலமாக டாடா பவர். இவற்றைச் சேர்த்து வைப்பது தொழில் துறையன்று, இலாபமுமன்று. பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் கிளம்பினால் ஓரிரு மணி நேரத்துக்குள் இவற்றின் ஆலையையோ காற்றாலையையோ தலைமை அலுவலகத்தையோ நேரில் பார்த்துவிடலாம் என்பதுதான். "நம்ம கண்ணு முன்னால ஓடுத கம்பெனி அண்ணாச்சி, எங்க ஓடிரப் போவுது?" என்ற கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஓர் ஆண்டும் கழிந்ததில்லை.

நான் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு பெற்ற ஆலோசகன் அல்லன். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று சொல்லும் தகுதியோ விருப்பமோ எனக்கு இல்லை. ஆனால் ஆலையைப் பார்ப்பதும் பங்கை அறிவதும் ஒன்றல்ல என்பதை இந்தப் பெயர்களைக் கொண்டே விளக்க முடியும்.

காற்றாலை செய்யும் சுஸ்லானை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காலை நடையிலும் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் மிகுதியாகப் பேசப்படுவது அதுதான். வள்ளியூரைத் தாண்டிப் பணகுடி வழியாகத் தெற்கே போகிறவர்களுக்கும், இராதாபுரம் பக்கம் நிலபுலன் உள்ளவர்களுக்கும் காத்தாடி என்று நாம் சொல்லும் காற்றாலை பனைமரத்தைப் போலக் கண்ணுக்குப் பழகிப்போன பொருள். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே இறங்கும் மாதங்களில் அவை இரவும் பகலும் சுழல்வதைப் பார்க்கிறவருக்கு, அவற்றைச் செய்து நிறுத்திய நிறுவனத்தின் பங்கு மட்டும் எப்படி விழும் என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் விழுந்தது. 2005-ஆம் ஆண்டு பொதுமக்களுக்கான முதல் வெளியீட்டில் 510 ரூபாய்க்கு விற்கப்பட்ட அந்தப் பங்கு, 2008 தொடக்கத்தில் ஒன்று ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அதாவது முதல் நாள் வாங்கியவரின் அடக்க விலை 102 ரூபாய். பிரித்த கணக்கில் 2008 ஜனவரியில் 450 ரூபாய்க்கு மேல் போன விலை, 2020 மார்ச்சில் இரண்டு ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் காற்று வீசுவது நிற்கவில்லை, காத்தாடிகளும் சுழன்றுகொண்டுதான் இருந்தன.

நடந்தது என்னவென்றால், 2007-இல் ஜெர்மனியின் ரீபவர் காற்றாலை நிறுவனத்தைப் பெருந்தொகை கொடுத்து வாங்குவதற்குக் கடன் வாங்கப்பட்டது. அதன் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்து ஆர்டர்கள் சுருங்கின. 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் (பங்காக மாற்றிக்கொள்ளத்தக்கவை) பணம் திருப்பித் தர முடியாமல் நிறுவனம் தவறியது. கடனைக் குறைப்பதற்காக 2015-இல் அதே ஜெர்மானிய நிறுவனம் விற்கப்பட்டது. அதே ஆண்டு ஒரு பெரிய முதலீட்டாளர் குழு பங்கு ஒன்றுக்கு 18 ரூபாய் வீதம் 1,800 கோடி ரூபாய் போட்டது. வங்கிகளின் கடனில் ஒரு பகுதி பங்காக மாறியது. 2022-இல் ஐந்து ரூபாய் விலையில் 1,200 கோடிக்கு உரிமைப் பங்கு வெளியீடு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கானது), 2023-இல் பெரிய நிறுவனங்களுக்கு 2,000 கோடிக்கு இன்னொரு வெளியீடு. இவ்வாறு ஒவ்வொரு முறை மூச்சு வாங்கியபோதும் புதிய பங்குகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. 2008-இல் ஏறத்தாழ 150 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை 2024-இல் ஏறத்தாழ 1,360 கோடி.

நான் சொல்ல வருவது இந்த எண்ணிக்கையைத்தான். 2024 செப்டம்பரில் விலை 86 ரூபாயைத் தொட்டபோது, "2008-இல இருந்த விலையில அஞ்சில ஒரு பங்குதான் வந்திருக்கு, இன்னும் 400 பார்க்கும்" என்று ஒரு வங்கி ஓய்வூதியர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். பெருக்கிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 450 ரூபாயை 150 கோடியால் பெருக்கினால் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு ஏறத்தாழ 67,500 கோடி. 86 ரூபாயை 1,360 கோடியால் பெருக்கினால் அது 1.16 லட்சம் கோடிக்கும் மேல். ஆகவே விலை ஐந்தில் ஒரு பங்காக இருந்தபோதே, சந்தை அந்த நிறுவனத்துக்கு 2008-இன் உச்சத்தைவிட மிகுந்த மதிப்பை வைத்துவிட்டது. ஒரு கோட்டை விதைப்பாட்டு வயலை மூன்று பிள்ளைகள் பங்கிட்டிருந்த இடத்தில் இருபத்தேழு பேரன்மார் வந்து நின்றால், வயலின் விலை ஏறினாலும் தாத்தா காலத்துப் பங்கின் அளவு யாருக்கும் கிடைக்காது. விலை பழைய 400-ஐத் தொட வேண்டுமானால் மொத்த மதிப்பு ஐந்தரை லட்சம் கோடியைத் தொடுவதற்கு எவ்வளவு ஆர்டரும் எவ்வளவு இலாபமும் வேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அதைக் குறித்துக்கொண்டார். அவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். பங்கின் விலையைப் பார்க்கும் பழக்கத்தில் பங்குகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்படாமலே போய்விட்டது.

இதற்கு மறுப்பாக, இரண்டு ரூபாயிலும் ஐந்து ரூபாயிலும் வாங்கி வைத்தவர்களைக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கம் உண்டு, அவர்களுக்கு நான் மூலதன ஆதாய வரி கணக்கிட்டுக் கொடுத்தும் இருக்கிறேன். அவர்களில் கடன் குறைந்துவருவதைக் காலாண்டு அறிக்கையில் பார்த்து வாங்கியவர்களும் உண்டு. காத்தாடியைப் பார்த்து வாங்கியவர்களும் உண்டு. ஆனால் காத்தாடியைப் பார்த்து 2008-இல் வாங்கியவரும் அதே காரணத்தைத்தான் சொன்னார். ஒரே காரணம் ஒருவரைக் கரையேற்றி, மற்றொருவரை மூழ்கடித்தது என்றால், அதைக் காரணம் என்று ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

உள்ளூர்க்காரனின் அறிவு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. காற்று மிகுந்த மாதங்களில் மின்கட்டமைப்பு ஏற்றுக்கொள்ளாததால் காத்தாடிகளை நிறுத்தச் சொல்வதும், மின்வாரியத்திடமிருந்து காற்றாலை உரிமையாளர்களுக்குப் பணம் தாமதமாக வருவதும் நம் பக்கத்தில் பலருக்குப் பட்டறிவாகவே தெரியும். மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் அதைத் தாளில் படித்துத்தான் அறிய வேண்டும். ஆனால் அது காத்தாடி வைத்திருப்பவரின் வருமானத்தைப் பற்றிய அறிவு. செய்து விற்ற நிறுவனத்தின் கடன் எவ்வளவு என்பதை எந்தக் காத்தாடியின் அடியில் நின்றாலும் தெரிந்துகொள்ள முடியாது.

தாழையூத்துக் கதை சற்று வேறு வகை. 1946-இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949-இல் அங்கேதான் ஓட்டத் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரும் கல்லிடைக்குறிச்சிக்காரருமான சங்கரலிங்க ஐயரின் பெயரில்தான் ஆலையைச் சுற்றியுள்ள சங்கர்நகர் இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் அந்தப் பங்கு முதலீடாக இல்லை, நீண்டகாலப் பணியின் நினைவாக இருக்கிறது. 2024 ஜூலையில் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனம் புரொமோட்டர்களின் (நிறுவனத்தை நடத்திவந்தவர்களின்) 32.72 சதவீதப் பங்குகளை ஒன்று 390 ரூபாய் வீதம் வாங்கப்போவதாக அறிவித்து, விதிப்படி மற்றப் பங்குதாரர்களுக்கும் அதே விலையில் ஓபன் ஆஃபர் (பங்கை வாங்கிக்கொள்ளும் அழைப்பு) கொடுத்தபோது, ஒரு மாத காலம் என்னிடம் வந்தவர்களெல்லாம் இதையே கேட்டார்கள். பெரிய கம்பெனி வாங்குகிறது, எனவே இன்னும் ஏறும் என்பது ஒரு சாரார் வாதம். இத்தனை வருடம் வைத்திருந்துவிட்டு இப்போது கொடுப்பதா என்பது மற்றொரு சாராரின் மனவருத்தம்.

இரண்டிலும் சிமெண்ட் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நிறுவனம் அப்போது நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாங்குபவர் 390 கொடுத்தது ஆண்டுக்கு 14.45 மில்லியன் டன் உற்பத்தித் திறனுக்காகவும் ஆளும் உரிமைக்காகவும்தான். நட்டத்தை இலாபமாக்கும் வேலை அவருடையது, அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது அவருடைய கணக்கு. ஓபன் ஆஃபரும் 26 சதவீதப் பங்குகளுக்குத்தான். அல்ட்ராடெக் ஏற்கெனவே வாங்கியிருந்த 22.77 சதவீதத்தையும் சேர்த்துக் கழித்தால் பொதுமக்களிடம் மீந்தது ஏறத்தாழ 44 சதவீதம், எனவே எல்லாரும் கொடுக்க முன்வந்தால் எல்லாருடைய பங்கும் முழுதாக ஏற்கப்படாது என்பதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. இதே நிறுவனத்தின் பழைய பங்குதாரர்கள் சிலரிடம் கேட்காமலே வந்து சேர்ந்த இன்னொரு சொத்தும் இருக்கிறது. இந்தியா சிமெண்ட்ஸ் வைத்திருந்த கிரிக்கெட் அணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டபோது, 2015-இல் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் பங்குகள் உரியவையாயின. அது சந்தையில் பட்டியலிடப்படாத பங்கு. தாழையூத்து ஓய்வூதியர் ஒருவர் தன் கணக்கில் அது இருப்பதை நான் காட்டிய பிறகுதான் அறிந்தார். அன்று முதல் ஐபிஎல் பார்ப்பதில் அவருக்குப் புதிய பொறுப்புணர்ச்சி வந்துவிட்டதாக அவர் வீட்டம்மா சொன்னார்கள்.

மெர்க்கன்டைல் வங்கியில் நிலைமை இன்னும் நுட்பமானது, ஏனெனில் அங்கே நாம் வாடிக்கையாளரும்கூட. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962-இல் பெயர் மாறிய அந்த வங்கியின் பங்குகள் நெடுங்காலம் குடும்பங்களுக்குள்ளேயே கைமாறின. பங்குகளின் உரிமை பற்றிய வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. ஒரு பங்குக்கு 500 பங்குகள் போனஸ் கொடுக்கப்பட்டதால், பழைய பங்கு 100 வைத்திருந்த குடும்பத்தின் கையில் 50,100 பங்குகள் வந்தன. 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்கு முதல் வெளியீடு வந்தபோது அதன் மதிப்பு இரண்டரைக் கோடிக்கும் மேல். (சுஸ்லானும் 510-க்குத்தான் வந்தது, எண் சோதிடம் பார்ப்பவர்கள் இதை என்னிடம் கேட்க வேண்டாம்.) இந்தக் கதையைக் கேட்டவர்கள் வெளியீட்டில் விண்ணப்பித்தார்கள். ஆனால் அந்தக் குடும்பங்கள் வாங்கிய விலையில் இவர்கள் வாங்கவில்லை. தேசியப் பங்குச்சந்தையில் முதல் நாளே 495-இல் தொடங்கியது. வங்கியின் இலாபம் 2021-22-இல் 822 கோடியாக இருந்து 2023-24-இல் 1,072 கோடியாக உயர்ந்தது. இருந்தும் 2024 முடிவில் பங்கின் விலை 510-க்குக் கீழேதான் இருந்தது. வங்கி நன்றாக நடப்பது ஒன்று, அதன் பங்குக்கு நாம் கொடுத்த விலை மற்றொன்று. அத்துடன், வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதைக் கேள்விப்பட்ட சிலர், "அதே பேங்க்தானே" என்று பங்குக்கும் அது பொருந்தும் என நினைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பொருந்தாது.

கங்கைகொண்டானில் டாடா பவரின் சூரியத் தகட்டு ஆலை வந்த பிறகு அந்தப் பங்கும் இந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்நிறுவனத்தின் இலாப நட்டத்தை அறிய விரும்புபவர் கங்கைகொண்டானைவிட ஒடிசாவின் மின் விநியோகத்தையும், குஜராத் முந்திராவில் எரியும் இந்தோனேசிய நிலக்கரியின் விலையையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதோடு இதை விட்டுவிடுகிறேன்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பங்கை எப்படி வாங்குவது என்ற கேள்வி புதிதாக வரத் தொடங்கியிருக்கிறது. அது இந்தியச் சந்தையில் இல்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் டாலராக மாற்றி வாங்கலாம்; வாங்கியவர் மறு ஆண்டு முதல் எளிய ஒன்றாம் எண் படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது, வெளிநாட்டுச் சொத்துக்கான பட்டியலையும் நிரப்ப வேண்டும். அந்தப் பங்கின் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது. 2023 ஆகஸ்டில் பட்டியலிடப்பட்டு இரண்டு வாரங்களுக்குள் 80 டாலரைத் தாண்டியது; ஓரிரு மாதங்களுக்குள் பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. நிறுவனரும் அவரைச் சார்ந்த நிறுவனங்களும் ஏறத்தாழ 99 சதவீதத்தை வைத்திருந்ததால், கைமாறக்கூடிய பங்குகள் மிகச் சொற்பமாக இருந்து, சிறு பணமும் விலையைத் தூக்கியடித்தது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி, பங்கு வேண்டாம், அப்படியானால் ஆலைக்குப் பக்கத்தில் சிலாநத்தத்தில் இரண்டு மனை வாங்கிப் போடலாமா என்று கேட்டார். வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.