கேன்சர் இல்லைன்னா எதுக்குங்க வெட்டணும்?

"கேன்சர் இல்லைன்னா எதுக்குங்க சார் வெட்டணும்? ஊசியில உறிஞ்சி எடுத்துடுங்க. பழம் எடுப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அம்மா, மகனுக்காகக் கேட்டது. அறுவை செய்யும் டாக்டராக நான் சொன்ன பதில் மருத்துவப்படி சரிதான். அவர் கேட்டதற்கு அது பதிலா என்பதில்தான் சந்தேகம்.

பையனுக்கு நாக்குக்கு அடியில், நட்டநடுவே, விரலால் அழுத்தினால் குழியும் வீக்கம். ரானுலா (உமிழ்நீர் கசிந்து தேங்கிய கட்டி) என்றால் பெரும்பாலும் ஒரு பக்கமாக, நீலம் பாரித்து, நீர் ததும்பும். அதற்கு நாவடி உமிழ்நீர்ச் சுரப்பியையே எடுக்க வேண்டும். இது டெர்மாய்டு, கருவில் உள்ளே சிக்கிக்கொண்ட தோல் திசுவிலிருந்து வளரும் பை போன்ற சாதாரணக் கட்டி. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு உருண்டைகள், பையில் போட்ட கோலிக்குண்டுகளாகத் தெரிந்தன.

உள்ளே இருப்பது நீரல்ல, கெட்டிப்பட்ட கெரட்டின், தோலிலும் நகத்திலும் உள்ள புரதம். தடித்த 18 கேஜ் ஊசியையும் அடைத்துவிடும். கொஞ்சம் வந்தாலும், கெரட்டினை உதிர்க்கும் உறை அங்கேயே இருப்பதால் மறுபடி நிரம்பும். ஊசி வழியே கிருமி போய் வீங்கினால் நாக்கு பின்னால் தள்ளி மூச்சை அடைக்கலாம். இங்கேதான், "ராத்திரியில அப்படி ஆனா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரணுமேம்மா" என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார்.

தகவல்தானே சொன்னேன்? பையனுக்கு விழுங்கச் சிரமம், மல்லாந்து படுத்தால் குறட்டை. தள்ளிப்போடாததில் நியாயம் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் வலியில்லாமல் வளர்ந்த கட்டி, ஒரு பருவம் பொறுக்காதா?

நாக்கு மேலெழுந்திருந்ததால் மூக்கு வழியாக, ஸ்கோப் வைத்துத்தான் மூச்சுக்குழாய் போட முடிந்தது. கட்டி, வாயின் தளமாக இருக்கும் மைலோஹையாய்டு தசைக்கு மேலே இருந்தது. வாய்க்குள்ளேயே நடுக்கோட்டில் கீறல் போதும். நாக்கடியில் உமிழ்நீரைக் கொண்டுவரும் இரு பக்க வார்ட்டன் நாளங்களிலும் மெல்லிய கேத்தீட்டர் (குழாய்) விட்டு வைத்தால் அவை தையலில் சிக்காது. மழுங்கிய முனையால் உறையை ஒட்டியே பிரிக்க வேண்டும். உதவியாளர் மோவாய்க்கு அடியிலிருந்து விரலால் தள்ளிக் கொடுப்பார். அப்படியும் முழுதாக வெளியே வரவில்லை. உறையைச் சிறிதாகத் திறந்து, உள்ளிருப்பதை உறிஞ்சிச் சுருக்கித்தான் எடுத்தோம்.

அந்த அம்மா கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். வித்தியாசம், உறையும் வெளியே வந்தது. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் கட்டி திரும்பும். பயாப்சியில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் இருந்தன, டெர்மாய்டுதான்.

உறையைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். புரிந்துகொண்டு, பழம் எடுப்பு முடிந்தபின்தான் வந்திருப்பார். வரட்டுமே என்று இப்போது தோன்றுகிறது. அதற்குள் சீழ் பிடித்திருந்தால் உறை சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கொண்டு, பிரிப்பதே பெரும்பாடாகியிருக்கும் என்பதும் தோன்றாமல் இல்லை.